எஃபிக்கு யார் பக்கவாத்தியம்?

கெட்டில் கொதித்து அடங்கிய பிறகும் லாக்கி அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஊர்ப் பெரியவங்களே…" என்றார் கெட்டிலைப் பார்த்து. சரியாக வரவில்லை. "அன்பான அக்கம்பக்கத்துக்காரங்களே…" அது இன்னும் மோசம்.

மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் மார்சலி, ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவுக்கு ஊர் எடுக்கும் விழாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"யாருப்பா செத்தது? இரங்கல் கூட்டமா?"

"உங்கம்மாவைப் பத்தி நாலு வார்த்தை பேசணுமாம். பெர்னடெட் சொல்லிட்டா. எனக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாற்பது வருஷம் கூடவே இருந்திருக்கீங்க. நாலு வார்த்தை கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா எல்லாம் வண்டியைப் பத்தி, ரோட்டைப் பத்தி. பாட்டைப் பத்தி ஒண்ணும் இல்லியே!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கடல்மேல் மூடுபனி படர்ந்திருக்கும்போது, இன்ஜின் சத்தத்தை வைத்தே வருவது யாருடைய படகு என்று லாக்கி சொல்லிவிடுவார். ஆனால் ஒரு மெட்டுக்கும் இன்னொரு மெட்டுக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பார். கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரை முழுக்கப் பெயர் பெற்ற பியானோக்காரிக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்ததே ஊரில் பழைய நகைச்சுவை.

அந்த எஃபியின் பெயரைத்தான் டன்வீரா ஊர் மண்டபத்துக்கு வைப்பது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. முதல் தடவை கேட்டபோது எஃபி "வேண்டாம்" என்றார். இரண்டாம் தடவை, "அந்தச் செலவுல மண்டபத்து டாய்லெட்டைச் சரி பண்ணுங்க" என்றார். பிறகு, கோடை பிறந்ததும் என்ன தோன்றியதோ, தானாகவே போய்ச் சம்மதம் சொன்னார். நிபந்தனை ஒன்றே ஒன்று. விழாவில் எந்தப் பிடில்காரரும் மேடை ஏறக்கூடாது.

ஊருக்குத் தலை வெடித்தது. இந்தத் தீவில் பிடில் முன்னால் போகும்; பியானோ அதன் பின்னால் போகும். பிடிலே இல்லாமல் எஃபி எதன் பின்னால் போகப் போகிறார்?

அதோடு போகவில்லை. தினமும் சாயங்காலம் மண்டபத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போய், உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். கேட்டால் "பழகுறேன்" என்பதோடு சரி. இன்று விடிந்ததும் போனவர் இன்னும் திரும்பவில்லை.

டெலிபோன் அடித்தது. லாக்கி எடுத்தார்.

"எஃபி இருக்காங்களா?" ஓர் ஆண் குரல். வயதான குரல்.

"மண்டபத்துக்குப் போயிட்டா. நீங்க யாரு?"



"காஸ்வேயைத் தாண்டிட்டேன்னு சொல்லுங்க." வைத்துவிட்டார்.

லாக்கி ரிசீவரைப் பார்த்தபடியே நின்றார். கடல்மேல் போட்ட அந்தச் சாலைதான் தீவுக்கு வாசல். சுற்றுலாக்காரர்கள் "தீவுக்கு வந்துட்டோம்" என்பார்கள். "காஸ்வேயைத் தாண்டிட்டேன்" என்பவன் வீடு திரும்புகிறவன்.

"யாருப்பா?"

"தெரியல. ஆனா இந்த ஊர்க்காரன்."

மார்சலியின் கண்கள் விரிந்தன. "அம்மாவுக்கு ரகசியமா ஒருத்தர் போன் பண்றாரு. நீங்க கெட்டில்கிட்ட பேசிட்டிருக்கீங்க. கிளம்புங்கப்பா!"

* * *

சும்மா போனால் எஃபி திட்டுவார். அதனால் முட்டை சாண்ட்விச் செய்து, பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

மண்டப வாசலில் பெர்னடெட் ஏணிமேல் நின்று, புதுப் பெயர்ப்பலகையைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தாள். கமிட்டிக்குத் தலைவி.

"உள்ள விட மாட்டேங்கிறா லாக்கி. நாற்காலி போடணும், டீ பாத்திரம் எடுக்கணும். கதவைத் தட்டினா 'அப்புறம்'ங்கிறா. அவ பேர்ல மண்டபம்னா, அதுக்காக இன்னிலேர்ந்தே அவ வீடா?"

உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது. லாக்கி காதைக் கதவில் வைத்தார்.

"வாசிக்கிறா" என்றார்.

மார்சலியும் காதை வைத்தாள். "அப்பா, அது பியானோ இல்ல."

"பின்ன?"

"பிடில்."

இரண்டு பேரும் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே லாப்ஸ்டர் பிடிக்கும் பழைய கூண்டு ஒன்று கிடந்தது. மார்சலி அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு? எவனை ஒளிச்சு வெச்சிருக்கா?"

"அம்மாதாம்ப்பா."

லாக்கி கூண்டின்மேல் ஏறினார். அது முனகியது. சமையலறைக் கதவுக்கு அப்பால், வெறும் மேடையில், வீட்டு ஸ்வெட்டரோடு எஃபி நின்றுகொண்டிருந்தார். தாடைக்கடியில் பிடில். கண் மூடியிருந்தது.

"உங்கம்மாவுக்குப் பிடில் வாசிக்கத் தெரியுமா?" என்றார் மெதுவாக இறங்கி.

"அதை நான் உங்ககிட்ட கேக்கணும்."

"நல்லா வாசிக்கிறாளா?"

மார்சலி கேட்டுக்கொண்டே யோசித்தாள். "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு. நடுவுல தடுமாறுறாங்க. ஆனா… கத்துக்கிறவங்க வாசிப்பு இல்லப்பா. ரொம்ப நாள் விட்டுட்டுத் திரும்ப எடுத்தவங்க வாசிப்பு."

லாக்கி பிறந்தது தெற்குக் கரையில். கல்யாணம் பண்ணிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். அதற்கு முன்னால் எஃபியின் கையில் என்ன இருந்தது என்று அவர் கேட்டதில்லை, எஃபியும் சொன்னதில்லை. சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

அப்போதுதான் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரை லாக்கி நடையிலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

ஹெக்டர். எஃபியின் தம்பி.

* * *

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவை அடக்கம் செய்த அன்று, ஊர் நிறைந்த வீட்டில், "அப்பாவோட பிடிலை நான் வெச்சுக்கட்டுமா?" என்று எஃபி கேட்டார். "உனக்கெதுக்குக்கா? நீ பின்னாடி போறவ. பிடில் முன்னாடி போறவனுக்கு" என்றார் ஹெக்டர். எஃபி பியானோ பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனார். அடுத்த வாரமே ஹெக்டர் தூர மேற்கே ஆல்பெர்ட்டாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு போன் கிடையாது.

"அத்தான்" என்றார் ஹெக்டர்.

லாக்கி வலது கையை நீட்டினார். ஹெக்டர் இடது கையைக் கொடுத்தார்.

லாக்கிக்குக் காது இப்படி, அப்படி என்றாலும் கண் கடல்காரனின் கண். காரிலிருந்து பெட்டியை எடுத்தது இடது கை. காற்று தொப்பியைத் தூக்கியபோது அதைப் பிடித்ததும் இடது கை. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

"மார்சலி, நீ போய் அம்மாகிட்ட சொல்லு" என்று மகளை அனுப்பினார். அவள் மறையும்வரை காத்திருந்தார். "தோளுக்கு என்ன ஆச்சு?"

ஹெக்டர் சிரிக்கப் பார்த்தார். "போன குளிர்காலத்துல ஐஸ்ல விழுந்தேன். ஆபரேஷன் பண்ணாங்க. இதுக்கு மேல தூக்க வராதுன்னுட்டாங்க." கையை உயர்த்திக் காட்டினார். விலாவைத் தாண்டவில்லை.

"அப்போ பிடில்?"

"பிடில் முடிஞ்சுபோச்சு அத்தான். பியானோ பரவாயில்ல, கை கீழதானே இருக்கு." கடலைப் பார்த்தார். "சுவர்ல மாட்டி வெச்சிருந்தேன். தினம் பாக்க முடியல. பார்சல் கட்டி அக்காவுக்கு அனுப்பிட்டேன். ஒரு வரிகூட எழுதல."

"அவ என்கிட்ட மூச்சு விடலையே!"

"எனக்குப் போன் பண்ணா. அழுதா. 'நீ மனசு மாறி அனுப்பிட்டே, எனக்கு இது போதும்டா'ன்னா. சின்ன வயசுல அவதான் அதை வாசிச்சிட்டிருந்தா, தெரியுமா? எனக்குக் கை எட்ட ஆரம்பிச்சதும் அப்பா அவகிட்டேர்ந்து வாங்கி என்கிட்ட கொடுத்தாரு. அவளை பியானோவுல உக்கார வெச்சாரு. அன்னிக்கு போன்லயே 'இப்போ நான் முன்னாடி போறேன், நீ வந்து பின்னாடி வாசி'ன்னா. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது? மனசு மாறல, தோள்தான் உடைஞ்சுதுன்னா?"

 லாக்கிக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"தோள் உடைஞ்சது சரி. மனசு மாறுச்சா, இல்லியா?"

"அதைத்தான் அத்தான் வழி முழுக்க யோசிச்சிட்டு வந்தேன்." ஹெக்டர் லாக்கியின் சட்டைக் கையைப் பிடித்தார். "இன்னிக்கு மட்டும் சொல்லிடாதீங்க. இன்னிக்கு அவளோட நாள்."

லாக்கி தலையாட்டினார். கதவு திறந்தது. எஃபி நின்றார். கையில் பிடில் இல்லை. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்சலி கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியா?"

"காஸ்வேல மழைக்கா."

"பியானோவுல நடுவுல ரெண்டு கட்டை ஒட்டுது. பாத்து வாசி."

அவ்வளவுதான். மார்சலி கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

* * *

மதியம் மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. கரை முழுக்க வந்திருந்தது. ஹெக்டர் மேடையேறிப் பியானோ முன்னால் உட்கார்ந்தபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலேயே எஃபி பிடிலோடு வந்தபோது அந்த முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

"பிடில்காரரு யாரும் மேடை ஏறக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் எஃபி. "பிடில்காரி ஏறலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் வில்லைத் தந்தியில் வைத்துவிட்டார்.

லாக்கிக்கு வழக்கம்போல ஒன்றும் புரியவில்லை. ஆனால் பார்த்தார். இத்தனை வருஷமும் மேடையில் அவர் பார்த்தது எஃபியின் முதுகைத்தான். பியானோ சுவரோரம், வாசிப்பவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அந்த முதுகில் ஸ்வெட்டர் எங்கே இழுபடும், களைத்தால் எந்தத் தோள் முதலில் இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாசிக்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை இன்றுதான் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு, அலைமேல் படகைத் திருப்புகிறவள் மாதிரி இருந்தது.

நடுவில் எஃபியின் கை சட்டென்று நின்றது.  பியானோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் மகளின் காதில், பதறிப்போய்.

"அம்மா தடம் விட்டுட்டாங்க. மாமா அதே இடத்துல சுத்திச் சுத்தி வந்து காத்திருக்காரு… பிடிச்சுட்டாங்க! பிடிச்சுட்டாங்கப்பா! இவ்வளவு நாள் அம்மாதான் மத்தவங்களுக்கு இப்படிக் காத்திருப்பாங்க."

முடிந்தபோது மண்டபம் எழுந்து நின்றது. தரை அதிர்ந்தது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஹெக்டர்! நீயும் ஒண்ணு எடுத்து விடு!"

அது பற்றிக்கொண்டது. "ஹெக்டர்! ஹெக்டர்!" என்று கால் தட்ட ஆரம்பித்தார்கள். எஃபியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பிடிலையும் வில்லையும் தம்பியிடம் நீட்டினார்.

"வாடா. பழையபடி. நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

ஹெக்டர் எழவில்லை. பிடிலைப் பார்த்தார், பிறகு கூட்டத்துக்கு நடுவே லாக்கியைத் தேடினார்.

லாக்கி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "என் பேச்சு!" என்று கத்தினார். "இப்போ என் பேச்சு!"

"லாக்கி, உன் பேச்சு டீக்கு அப்புறம்" என்றாள் பெர்னடெட்.

"அதுக்குள்ள மறந்துடும்!"

சிரிப்போடு சிரிப்பாக மேடை ஏறிவிட்டார். ஏறிய பிறகு பார்த்தால், காலையில் கெட்டிலிடம் பேசியதில் ஒரு சொல்லும் மிச்சமில்லை.

"எனக்குச் சங்கீதம் தெரியாது. பிறந்தநாள் பாட்டைத் தேசிய கீதம்னு நெனச்சு எழுந்து நின்னவன் நான்."

"ரெண்டு தடவை!" என்றது ஒரு குரல்.

"ரெண்டு தடவை. ஆனா வண்டி ஓட்டினது நான்தான். அதனால ரோட்டைப் பத்திச் சொல்றேன். மேட்டுத்தெருவுல அலெக் வீடு எரிஞ்சப்போ, அந்த வாரமே பணம் சேக்க இங்க டான்ஸ் ஆட்டம் வெச்சோம். கூரை வந்துச்சு. தீயணைப்பு வண்டி பழசாச்சு, குளிர்காலம் முழுக்க ஆட்டம் வெச்சோம். வண்டி வந்துச்சு. பிடில்காரங்க களைச்சா இன்னொருத்தர் ஏறுவாரு. பியானோவுக்கு இன்னொரு ஆள் கிடையாது. இவ எழுந்திரிக்கவே மாட்டா. நான் டீயைக் கொண்டுபோய் பியானோ மேல வெப்பேன். ஒரு தடவைகூட இவ அதைச் சூடாக் குடிச்சு நான் பாத்ததில்ல."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"பனிப்புயல்ல ரோடெல்லாம் மூடிக் கிடந்தப்போ, சாவு வீட்டுக்கு வாசிக்கணும்னு பனி தள்ளுற வண்டில ஏறிப் போனா. 'செத்தவருக்கு எப்படியும் கேக்காதே'ன்னு சொன்னேன். 'அவரோட பொண்டாட்டிக்குக் கேக்கும்'னா. முதியோர் இல்லத்துல, சொந்தப் புள்ளையவே மறந்தவங்க இவ வாசிச்சா காலைத் தட்டுறாங்க. மார்சலி பிறக்கறதுக்கு முந்தின நாள்கூட இந்த மேடைலதான் இருந்தா. வயிறு பியானோவுல இடிச்சு கை எட்டல. பெஞ்சைப் பின்னாடி தள்ளிப் போட்டு வாசிச்சா. இறங்கினதும் மேடையைத்தான் திட்டினா, சின்னதா இருக்குன்னு."

எஃபி தலையில் அடித்துக்கொண்டார்.

லாக்கி திரும்பி அவரைப் பார்த்தார். அதற்கு மேல் வேடிக்கை வரவில்லை.

"இந்த மண்டபத்துல எப்பவும் நாற்காலி போடறவன் நான்தான். இன்னிக்குத்தான் இவ வாசிக்கிறப்போ இவ முகத்தைப் பாத்தேன். இவ்வளவு வருஷமா நான் நாற்காலியைத் தப்பான பக்கத்துல போட்டிருக்கேன். மன்னிச்சுக்க எஃபி."

யாரும் ஹெக்டரை மறுபடி கூப்பிடவில்லை. பெர்னடெட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்ப் போர்வையை இழுத்தாள். பலகையில் எஃபியின் பெயர் தெரிந்தது. கூட்டம் கைதட்டி முடித்து, டீயையும் ஓட் பிஸ்கட்டையும் தேடிப் போனது.

* * *

லாக்கி எஃபியைத் தேடினார். தன் பெயர் வைத்த மண்டபத்தின் சமையலறையில், முழங்கைவரை நுரையோடு கப் கழுவிக்கொண்டிருந்தார் எஃபி.

"இன்னிக்குமா?"

"கப் தானாக் கழுவிக்குமா?" எஃபி திரும்பவில்லை. "நல்லாப் பேசினே லாக்கி."

"ஏதோ வந்துச்சு."

"ஆனா அந்த நேரத்துல ஏன் எழுந்தே?"

லாக்கி துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கப்பையே துடைத்தார். "மறந்துடும்னு…"

"நான் காலமெல்லாம் பிடில்காரங்களுக்குப் பின்னாடி உக்காந்தவ. அவங்க முகத்தைப் பாத்து வாசிக்கல. ஓரக்கண்ணால அவங்க வலது கையைப் பாத்துத்தான் வாசிச்சேன். அது எப்போ எழும்பும், எப்போ இறங்கும்னு." எஃபி குழாயை மூடினார். "பிடிலை நீட்டினப்போதான் கவனிச்சேன், காலைலேர்ந்து ஹெக்டரோட வலது கை எழும்பவே இல்ல. உனக்குத் தெரியும். சொல்லு. அந்தப் பிடிலை அவன் எனக்காக அனுப்பினானா, இல்ல வாசிக்க முடியாம அனுப்பினானா?"

சொன்னால் மைத்துனனுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. சொல்லாவிட்டால், பொய்யே சொல்லாத வீட்டில் இன்று ஒரு பொய். லாக்கி துண்டைக் கீழே வைத்தார். பிறகு சமையலறைக் கதவைத் திறந்து, கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஹெக்டரின் நல்ல கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதது ஒண்ணு இவனுக்குத் தெரியும்" என்றார் எஃபியிடம். "அதை இவனையே கேளு."

வெளியே வந்து கதவைச் சாத்தினார். மார்சலி ஓடி வந்தாள்.

"என்னப்பா நடக்குது உள்ள?"

"தெரியல."

இரண்டு பேரும் கதவோரமே நின்றார்கள். முதலில் ஹெக்டரின் குரல். நீளமாக, தாழ்வாக.  பிறகு ஒரு கப் உடையும் சத்தம்.

"மண்டபத்து கப்!" என்றாள் பெர்னடெட் தூரத்திலிருந்து.

மார்சலி கைப்பிடியைப் பற்றினாள். லாக்கி அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

"இரு. கை தவறினதா, விட்டெறிஞ்சதான்னு தெரியட்டும்."

உள்ளே இன்னொரு கப் உடைந்தது.